மச்சான் கொடுத்த பேட்டி

எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவில் மொத்தம் மூன்று பேர். கூட்டம் போட்டால் மூன்று பேரும் வந்துவிடுவதால், ஆண்டறிக்கையில் நூறு சதவீத வருகை என்று எழுதிக்கொள்வோம். தலைவர் பல் டாக்டர். கிளினிக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். பழைய புகைப்படங்களில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பல் சுரண்டும் கருவியால் எடுப்பார். எடுக்கும்போது, பழக்கதோஷம், "வலிக்காது, வலிக்காது" என்று முணுமுணுப்பார். கம்ப்யூட்டர், ஸ்கேனர், லேபிள் எல்லாம் ஜெராக்ஸ் கடை அக்கா. வயதில் என் மகளைவிடச் சின்னவர்தான், ஆனால் ஊருக்கே அக்கா. மூன்றாவது ஆள் நான். வேலை பார்த்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் விற்றவன். ஊர் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. அதைப் பாராட்டு என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூலகத்தின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடியும். இரண்டு இரும்பு அலமாரிகள். ஒன்றில் ஊரின் வரலாறு இருக்கிறது. இன்னொன்றில் கீழே கழிப்பறை கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் எதைத் திறந்து பார்த்துப் பாராட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

காகிதத்தை மட்டும் சேர்த்தால் போதாது, ஊர்ப் பெரியவர்களின் குரலையும் சேர்க்க வேண்டும் என்று ஒருநாள் நான்தான் ஆரம்பித்தேன். நல்ல யோசனை என்றார்கள். பேட்டி எடுப்பது யார்?

"எனக்கு வராதுப்பா. நான் வாயைத் திறங்கன்னுதான் சொல்லிப் பழக்கம். அப்புறம் அவங்க எங்க பேசறது?" என்றார் டாக்டர்.

அக்காவுக்குக் கடையை விட்டு நகர முடியாது. ஆக, வெறும் வாயை மெல்லுகிறவன் கையில் அவல் கிடைத்தது. சின்ன ரெக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தபால்காரர், தையல்காரர், மருத்துவச்சி என்று ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அக்கா அழகாக லேபிள் அடித்தார்: யார், என்ன தொழில், எந்தத் தேதி, எதைப் பற்றி. எல்லாம் முறைப்படி செய்தோம். ஒன்றைத் தவிர. யாரும் எதையும் போட்டுக் கேட்கவில்லை. சேர்த்து வைக்கிறவர்களுக்குக் கேட்க ஏது நேரம்?

அப்படிப் பேட்டி எடுத்தவர்களில் என் மனைவியின் அண்ணனும் ஒருவர். ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் மச்சான் என்பேன். அதிகம் பேச மாட்டார். அவருடைய வாய்க்கும் ஒரு வால்வு உண்டு, ரிட்டயர் ஆகும்போது அதை மூடிவிட்டுத்தான் வந்தார் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவருக்கும் என் மனைவிக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவர்களுடைய அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்ற பேச்சில் இவள் ஒரு சொல் சொன்னாள், அவர் ஒரு சொல் சொன்னார். அம்மா போன பிறகும் அந்தச் சொற்கள் போகவில்லை. என்னோடு மட்டும் பேசுவார். அதாவது, நான் பேச அவர் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் மச்சான் தூக்கத்திலேயே போய்விட்டார். என் மனைவி மற்றவர்கள் முன்னால் அழவில்லை. ஒரு நாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"என்னங்க, அண்ணனை ரெக்கார்ட் பண்ணீங்கல்ல? அதை ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். குரலே மறந்துரும் போல இருக்கு."

"அதுக்கென்ன! ரெண்டு மணி நேரம் பேசியிருக்காரு" என்றேன், பெருமையாக.

அன்றைக்கே மாடி அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன். முதலில் முன்னுரை. என் குரல்தான். கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் முடிகிற வழியாக இல்லை. ஒருவழியாகக் கேள்விக்கு வந்தேன்.

"மச்சான், நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறாதுல்ல?"

"ம்."

"ஏன்னா அழுத்தம் பத்தாது. அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க? கீழ்த் தெரு வால்வை மூடிட்டு மேல திறந்து விட்டீங்க. சரிதானே?"

"இல்ல, அது வந்து..."

"அதான் சொல்றேன், நானே பாத்திருக்கேனே!"

இப்படியே போனது. கேள்வியும் நான், பதிலும் நான். நடுவில் நான் விற்ற முதல் பாலிசியின் கதை வேறு வந்தது. குடிநீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. பிறகு நாற்காலி கிரீச்சிடும் சத்தம். மச்சான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மாப்ள, இது ஓடிட்டிருக்கா?"

"ஓடுது மச்சான், தாராளமா பேசுங்க."

"தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"மச்சான், மச்சான்! அது குடும்ப விஷயம். இது வரலாறு. நாம புதுத் தொட்டி கட்டின வருஷத்துக்கு வருவோம்."

வந்தேன். வருஷத்தையும் தப்பாகச் சொன்னேன்.

ஹெட்போனைக் கழற்றியபோது காதெல்லாம் வியர்த்திருந்தது. அவர் அப்படி ஒன்று சொல்ல வந்தார் என்பதே எனக்கு ஞாபகமில்லை. காதில் விழுந்தால்தானே ஞாபகம் இருக்கும்! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் எந்த நுணலும் தான் கத்தியதைப் பதிவு செய்து, லேபிள் ஒட்டி, அலமாரியில் வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

"அக்கா, என் குரலை மட்டும் வெட்டி எடுத்துர முடியுமா?" என்று மதிய இடைவேளையில் மாடிக்கு வந்த அக்காவிடம் கேட்டேன்.

"எடுக்கலாம் சார். அப்புறம் மிச்சம் என்ன இருக்கும்?"

நியாயமான கேள்வி. எடுத்துப் பார்த்தோம். ஒரு காபி ஆறுகிற நேரத்துக்குக்கூடத் தேறவில்லை. ம், ஆமா, இல்ல, அப்படியா, கொஞ்சம் இருமல், "குடிக்கத் தண்ணி குடுங்க." அப்புறம் அந்தத் தங்கச்சி வாக்கியம்.

"அதையும் எடுத்துருங்க அக்கா. பாதியில நிக்குது, கேக்க நல்லா இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த டாக்டர், கையிலிருந்த புகைப்படத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"சொத்தையை எடுக்காம மேல அடைச்சா, உள்ளுக்குள்ள வளரும்யா."

"உங்களுக்கு எல்லாம் பல்லுதான்" என்று எரிந்து விழுந்தேன். அக்கா வெட்டிக் கொடுத்தார். மூலப் பதிவை அழிக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே எடுத்துப் போகவும் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. விதியை எழுதியவன் நான்தான். அழிக்கவில்லை. ஆனால் வேறு யாராவது முழுவதையும் போட்டுக் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெட்டியதை என் போனில் போட்டுக் காட்டினேன். முதல் "ம்" வந்ததுமே என் மனைவியின் முகம் மலர்ந்தது. "அண்ணனேதான்" என்றாள். இருமலுக்குக்கூடச் சிரித்தாள். பிறகு அது நின்றுவிட்டது. அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா? ரெண்டு மணி நேரம்னீங்க?"

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"இதுல உங்க குரலே இல்லையே."

"அது... வேண்டாம்னு..."

"நீங்க இருக்கிற இடத்துல உங்க குரல் இல்லாம இருக்குமா? யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "அவ்வளவு நேரம் உங்ககூட உக்காந்திருந்தாரே. என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேக்கலையாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். இதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லி நான் பாலிசி பிடித்திருக்கிறேன். ஆனால் இல்லை என்றால் அண்ணன் தன்னை நினைக்காமலே போய்விட்டார் என்று காலத்துக்கும் இவள் நம்புவாள். என் மானத்தைக் காப்பாற்றச் செத்தவர் மேல் பழி போடுவதா? பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஓட வைப்பது, நிறுத்துவது, பின்னால் தள்ளுவது எல்லாவற்றையும் காட்டினேன்.

கட்டிலில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டாள். என் முன்னுரை, என் கேள்வி, என் பதில், என் பாலிசி, எதையும் தாண்டவில்லை. எனக்கு அறையை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. கடைசியில் நாற்காலி கிரீச்சிட்டது. அந்த வாக்கியம் வந்தது. அது முடிவதற்குள் "மச்சான், மச்சான்!" என்று நான் வந்தேன். இது வரலாறு என்றேன். அவள் நிறுத்தினாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் சொல்லச் சமாதானங்கள் தயாராக இருந்தன. அவள் திட்டவில்லை.

"என்ன சொல்ல வந்திருப்பாரு?" என்றாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் இருந்ததே கிடையாது. கேட்காத கேள்விக்குக்கூடச் சொல்வேன். வருத்தப்பட்டிருப்பார், வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பார், அம்மாவைப் பற்றி இருக்கும் என்று நல்ல நல்ல பதில்களாக நாக்கு நுனியில் வந்து நின்றன. எதுவும் அவர் சொன்னதில்லை.

"தெரியல. நான் கேக்கவே இல்ல" என்றேன்.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க நான் மூணு வருஷமா இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம் அதிகமாக இருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமல் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். "தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." "மச்சான், மச்சான்!" நிறுத்தினாள். மறுபடி தள்ளினாள். "தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." "மச்..." நிறுத்தினாள். அடுத்த முறை "சொல்லணும்னு" என்றதும் அவர் மூச்சு இழுப்பது கேட்டது, உடனே பட்டனின் சத்தம் கேட்டது. அவள் விரலுக்கு இடம் பிடிபட்டுவிட்டது. வெயில் ஜன்னலை விட்டு நகரும்வரை அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு முறைகூட என் குரல் வரவில்லை.