குறையில்லாத வண்டி

வண்டி வாங்கப் போகிறவனுக்கு நேரம் காலம் தெரியாது. பல் பிடுங்கப் போன இடத்தில், நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்க, கையில் ஊசியோடு நின்ற டாக்டர் "பெட்ரோல் எடுக்கட்டுமா, டீசல் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த நிலைமையில் நான் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டி வைத்தேன். அடுத்த மாதம் டீசல் வண்டியில் வந்து இறங்கி, "நீங்க சொன்னபடியே எடுத்துட்டேன்" என்றார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் மகன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அப்பாவோட காரை இப்ப வித்தா நல்ல விலை போகுமா, இல்ல கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். வெள்ளை வண்டி வெயிலில் சூடாகாதாமே? ஒரே ஆள் ஓட்டிய வண்டி என்கிறார்களே, நம்பலாமா? புதுசா, பழசா? இப்படி எல்லாக் கேள்விக்கும் நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். என் பிழைப்பு அது.

பழைய கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சட்டைப் பையில் துணி சுற்றிய ஒரு காந்தம் வைத்திருப்பேன். வண்டியின் கதவுகளில் அதை வைத்து இழுத்துக்கொண்டே வருவேன். நல்ல தகட்டில் ஒட்டும். அடிபட்டு, பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்த இடத்தில் வழுக்கி விழும். அதனால் எனக்குக் காந்தம் என்றே பெயர் வந்துவிட்டது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்ப்பேன்; வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் தேய்ந்த பெடல் ரப்பர் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வண்டி என்றால் குறை இருக்கத்தான் செய்யும். எந்தக் குறையோடு குடும்பம் நடத்தலாம், எதோடு நடத்த முடியாது என்று சொல்வதுதான் என் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அதைச் சரியாகச் சொன்னேன். என் தங்கை வீட்டுக்கு மட்டும் சொல்லத் தெரியவில்லை.

தங்கையின் கணவர் ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். பத்தொன்பது வருடம். ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். இரண்டு பேரும் சேர்ந்தால் வண்டிப் பேச்சுதான்; தங்கை தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

போன வருடம் அவர் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் இடது கால். செருப்பு நழுவி விழுவதுகூடத் தெரியாமல் நாலு வீடு நடந்து வந்திருக்கிறார். நரம்பு வியாதி என்றார்கள். காலில் தொடங்கி மேலே ஏறுமாம், மருந்து அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாதாம். கம்பெனியில் பஸ் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சொந்தமாக ஒரு கார் வாங்கினால் ஓட்டலாமா என்று. "இப்போதைக்கு ஓட்டலாம். ஆறேழு மாசம் கழிச்சு என்கிட்ட கேக்காதீங்க" என்றாராம் டாக்டர்.

அன்று மாலையே அவரும் தங்கையும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"மச்சான், சாயங்காலமானா சாவியக் கொண்டுபோய் ஆபீஸ் ஆணியில மாட்டிட்டு வருவேன். பத்தொம்பது வருஷமா அதான். ஒரு சாவியாவது என் பாக்கெட்லயே வீட்டுக்கு வரணும். இவளை முன்னால உக்கார வெச்சுக்கிட்டு எங்கயாவது போகணும். எங்கன்னு எல்லாம் யோசிக்கல."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, தங்கம் மாதிரி வண்டி பாத்துத் தர்றேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் வண்டியில் எண்ணெய் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளை வெள்ளையாக நுரை. இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். வேண்டாம் என்றேன், சரிதான். இரண்டாவது வண்டி வெள்ளத்தில் குளித்த வண்டி. அதுவும் சரிதான்.

மூன்றாவது சிவப்பு வண்டி. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வைத்திருந்தார், பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்திருந்தார். மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு தெருவை மூன்று சுற்று சுற்றினார். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காகவே மெதுவாக ஓட்டினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அதைப் பார்க்கவில்லை. காந்தத்தோடு பின் கதவருகே குனிந்திருந்தேன். கதவில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் காந்தம் ஒட்டவில்லை.

"கேட்ல உரசிடுச்சுங்க, அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். "வேண்டாம் மாப்பிள்ளை, இதைவிட நல்லது கிடைக்கும்."

அவர் சாவியை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழிலில் அவர் என்னை அவ்வளவு நம்பினார். அந்த வண்டிக்கு வேறு யாராவது என்னைக் கூட்டிப் போயிருந்தால், "கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியும். பயம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் பார்த்துக் கொடுத்த வண்டி ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் போய் நடுரோட்டில் நின்றது. அதிலிருந்து அவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவர் போனால் போகட்டும், என் தங்கையும் அப்படிப் போய்விட்டால்? நோயாளியை வைத்துக்கொண்டு வண்டி வழியில் நின்றால் அவள் யாரைத் திட்டுவாள்? இப்படியெல்லாம் நானாகவே நினைத்துக்கொண்டு, காலம் கையில் நிறையக் கிடப்பதுபோல நடந்துகொண்டேன்.

நாலாவது வண்டியில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஐந்தாவதில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு சின்ன முனகல் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டிருந்தது. அந்த ஐந்தாவது வண்டியில் மாப்பிள்ளை உட்கார்ந்தபோது, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி கிளட்ச் மேல் வைத்தார். நான் பார்த்தேன். ரப்பரைப் பார்த்து வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்கிற நான், அந்த ரப்பர் மேல் தூக்கி வைக்கப்பட்ட காலையும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"சீட் தள்ளி இருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டுக்கங்க."

அவர் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து தங்கை போன் செய்தாள். அவள் வண்டியைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, கிளட்ச் இல்லாத வண்டி இருக்காமே? அதுக்கு வலது கால் மட்டும் இருந்தா போதுமாமே?"

"இருக்கு. ஆனா பழைய வண்டியில ஆட்டோமேட்டிக் கியர் எடுக்கவே கூடாதும்மா. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். அது கெட்டுப் போச்சுன்னா பாக்குறதுக்கு ஆள் கிடையாது."

"கெட்டுப் போனா போகட்டுமே."

"அப்படிச் சொல்லாதே. ஒரு வண்டின்னா அஞ்சாறு வருஷமாவது ஓட வேண்டாமா?"

"அது எத்தனை நாள் ஓடணும்னு நினைக்கிறே அண்ணா?" என்றாள். குரல் உடையவில்லை, கோபமும் இல்லை. விவரம் தெரியாதவனிடம் விவரம் சொல்வதுபோல் சொன்னாள். "ஊருக்கெல்லாம் பரவாயில்ல, எடுங்கன்னு சொல்றே. எங்களுக்கும் ஒரு தடவை பரவாயில்லன்னு சொல்லேன்."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாளே கண்ணில் படுகிற முதல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "ரெண்டு வாரம் குடும்மா, கிளட்ச் இல்லாததாவே பாக்குறேன்" என்றேன். ரோஷமும் சேர்ந்துகொண்டது. இத்தனை பொறுத்தவர்களுக்கு ஒரு பொட்டுக் குறைகூட இல்லாத வண்டியாகக் கொடுக்க வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தேன். இரண்டு வாரம் ஒன்பது வாரமாக இழுத்தது.

கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் தொழிலில் அப்படி ஒரு வண்டியை நான் தொட்டதில்லை. நாலு கதவிலும் காந்தம் ஒட்டியது. எண்ணெய் சுத்தம், டயர் சமம், அடியில் துருவின் நிழல்கூட இல்லை. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வண்டியின் மேல் கை வைத்துச் சிரித்தேன். எழுத்து வேலையெல்லாம் முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தினேன்.

மாப்பிள்ளை முகம் மழித்து, கம்பெனியின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். இந்த ஒன்பது வாரத்தில் பாதியாகிவிட்டார். ஒரு பக்கம் தங்கையும் ஒரு பக்கம் நானும் தாங்கிக்கொண்டு வந்து ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தோம். கால்களை உள்ளே எடுத்து வைத்தது தங்கை. உட்கார்ந்ததும் ஆளே மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார், ஸ்டியரிங்கைத் துண்டால் ஒரு துடை துடைத்தார், சாவியைத் திருப்பினார். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது.

"இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியல மச்சான்!" என்றார்.

"பிரேக்கை அழுத்திப் பிடிங்க, விளக்கைப் பாத்துட்டுக் கியரைப் போடலாம்" என்றேன்.

சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் போய் நின்றேன். தொழில் பழக்கம். எந்த வண்டியானாலும் ஓர் ஆள் பிரேக்கை அழுத்த, இன்னோர் ஆள் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் அவர் தினமும் காலையில் செய்தது அது. அதனால் நான் கேட்காமலே உள்ளிருந்து குரல் வந்தது.

"எரியுதா மச்சான்?"

எரியவில்லை.

"இன்னொரு தடவை அழுத்துங்க மாப்பிள்ளை."

"அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன். நல்லா மிதிச்சிருக்கேன். எரியுதா?"

திறந்திருந்த கதவருகே தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் குனிந்து உள்ளே கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவருடைய வலது கால் பெடல் மேல் சும்மா கிடக்கிறது என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை. அதை என் தங்கையின் முகத்தில்தான் படித்தேன். மிதிக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"எரியல மாப்பிள்ளை" என்றேன். "பல்பு போயிருக்கு போல."

அவர் ஓவென்று சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அப்படிச் சிரிக்கிறார். "பாத்தியாடி, உங்க அண்ணன் சலிச்சு சலிச்சு எடுத்த வண்டியில பல்பு இல்ல! எங்க மச்சான் போச்சு உங்க கண்ணு?"

"தப்பிப்போச்சு மாப்பிள்ளை" என்றேன். "நான் சரியாப் பாக்கல. என் தப்புதான்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை பின்னால் நின்றேன். எட்டு மாதமாக வண்டி வண்டியாக இல்லாத குறையைத் தேடியவன், கடைசியில் குறையே இல்லாத வண்டிக்கு ஒரு குறையைக் கற்பித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிவப்பு வண்டியைக் கொடுத்திருந்தால், கால் ஒத்துழைத்தவரை சில மாதமாவது அவர் ஓட்டியிருப்பார். என் தங்கை அத்தனை மாதமும் முன் சீட்டில் உட்கார்ந்து எங்கெல்லாமோ போய் வந்திருப்பாள்.

தங்கை கதவருகே மண்டியிட்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிவதற்குள் உள்ளே கையை நீட்டினாள். அவர் கால் மேல் தன் கையை வைத்து, உடம்பையே சாய்த்து அழுத்தினாள்.

பின்னால் இரண்டு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன.

உள்ளே சிரிப்பு நின்றது. அவர் குனிந்து தன் காலையும் அதன் மேல் இருந்த அவள் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெதுவாக, "இப்ப எரியுதா மச்சான்?" என்று கேட்டார்.

"எரியுது மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கை நீட்டி இன்ஜினை நிறுத்தினார். தங்கை கையை எடுக்கவே இல்லை.