வரைபடத்தில் இல்லாத மொழிகள்

சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் ஃபுளோரிஸ் முதலில் தேடியது தன்னைத்தான். தேடச் சிரமமே இல்லை. நட்ட நடுவில், ஆரஞ்சு நிறத்தில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு வட்டம். அதன் மேல் 'தரவு வணிகமும் ஒப்பந்தச் சட்டமும்' என்று பெயர். அவருடைய துறை, அவருடைய மாணவர்கள், அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தார்கள்.

"அருமை ஹிஸ்கா, அருமை! இதை இப்படியே அச்சுக்கு அனுப்பிடலாம்."

ஹிஸ்காவின் கண் படத்தின் இடது ஓரத்தில், சாம்பல் நிறத்தில் கடுகு போலக் கிடந்த ஒரு புள்ளியில் இருந்தது.

டச்சு நாட்டின் டெவென்டர் நகரத்தில், ஃபுளோரிஸின் ஆய்வு நிறுவனத்துக்கு வந்ததிலிருந்து ஹிஸ்கா செய்த வேலை இது ஒன்றுதான். இணையச் சட்டத்தைப் பற்றியும், கணினி புகுந்துவிட்ட சமூக வாழ்க்கையைப் பற்றியும் அறிஞர்கள் இருபது ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகளை ஒரு தரவுக் களஞ்சியத்திலிருந்து திரட்டுவாள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது, யார் யாரை மேற்கோள் காட்டி எழுதுகிறார்கள் என்று கணக்கிட்டு, வட்டங்களும் கோடுகளுமாக வரைவாள். நிறையப் பேர் எழுதும் பொருளுக்குப் பெரிய வட்டம். யாரும் எழுதாத பொருளுக்கு வட்டமே கிடையாது. வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஆய்வு மன்றம் ஒன்று, அடுத்த சில ஆண்டுகளுக்கு எந்தெந்த ஆய்வுகளை ஆதரிப்பது என்பதை இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவுசெய்யப் போகிறது. படத்தில் இருப்பது வளரும், இல்லாதது வாடும்.

அந்தச் சாம்பல் புள்ளியின் பெயர், மனிதரிடம் முறையிடும் உரிமை. அரசு உதவி கேட்கிறவனைக் கணினி 'கிடையாது' என்று திருப்பி அனுப்பினால், 'ஏன்?' என்று ஓர் ஆளிடம் போய்க் கேட்கும் உரிமை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு வேகமாக வளர்ந்த வட்டம் அது. பிறகு திடீரென்று சுருங்கிப்போனது. ஊரெல்லாம், செய்தித்தாளெல்லாம் இதே பேச்சாக இருக்கையில் அறிஞர்கள் மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டார்கள்? தோண்டிப் பார்த்தாள். கடைசிக் கட்டுரையை எழுதியவர் அலைடா நவுட்டா. இதே நிறுவனத்தில், இதே மாடியில் இருந்தவர்.

மதிய உணவில் ரொட்டியும் மோருமாக உட்கார்ந்திருந்த ஃபுளோரிஸிடம் கேட்டாள்.

"அலைடாவா? நல்ல மூளை. ஆனா முரடு. ஆராய்ச்சிய விட்டுட்டு எங்கயோ போயிட்டா, பாவம்."

அந்த 'பாவம்' ஹிஸ்காவுக்கு உறுத்தியது. அலைடா இருக்கும் ஊரை விசாரித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை அல்மெலோவுக்கு ரயில் ஏறினாள்.

அங்கே நகர நூலகத்தின் மூலையில் ஒரு மேசை. 'சட்ட உதவி, இலவசம்' என்று அட்டை. மேசைக்குப் பின்னால் நரைத்த குட்டை முடியும் பச்சை ஸ்வெட்டருமாக அலைடா. எதிரே வேன் ஓட்டும் மனிதர் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல குடியிருக்கேனாம்மா. கம்ப்யூட்டர் சொல்லுதாம். வாடகை உதவிய நிறுத்திட்டாங்க."

"அப்படின்னா ரெண்டு ஊர்லயும் வரி கட்டச் சொல்வாங்களே, அதையும் கேட்டீங்களா?" என்றார் அலைடா. அந்த மனிதர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். மேல்முறையீட்டை எழுதிக் கையில் கொடுத்து அவரை அனுப்பிய பிறகுதான் ஹிஸ்காவின் பக்கம் திரும்பினார்.

"நான் ஹிஸ்கா. அந்த நிறுவனத்துல ஆய்வுப் படம் வரையறேன். உங்களைப் பாக்கத்தான் டெவென்டர்லருந்து வர்றேன். நீங்க ஆராய்ச்சிய விட்டுட்டதா சொன்னாங்க..."

"யாரு, ஃபுளோரிஸா?" அலைடா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கட்டு சட்ட இதழ்களைத் தூக்கிவந்து மேசையில் போட்டார். "வருஷா வருஷம் எழுதறேன். டச்சு மொழியில எழுதறேன். இந்த ஊர் நீதிபதி படிக்கறாரு, வக்கீல் படிக்கறாரு, இப்பப் போனாரே அவரோட மகள் படிக்கறா. உன்னோட கம்ப்யூட்டர்தான் படிக்கல."

"எங்க தரவுக் களஞ்சியத்துல..."

"இங்கிலீஷ் மட்டுந்தான். தெரியும். அதுல எழுதாததுக்கு மதிப்பெண் இல்லன்னு சொல்லித்தான் என்னை வெளிய அனுப்பினாங்க. இங்க ஒருத்தனுக்கு அநியாயம் நடந்தா, அதை அவனுக்குப் புரியாத பாஷையில எழுதணுமாம். போங்கடான்னு வந்துட்டேன்."

ஹிஸ்காவின் முகம் சிவந்தது. "உங்க கட்டுரைகளையும் படத்துல சேர்த்துடறேன்."

"வேண்டாம். இரக்கப்பட்டு ஒரு புள்ளி வெக்கறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்? என்னை மாதிரி வேற யாரு இருக்காங்கன்னு தேடு. ஃபின்லாந்துல ஒருத்தர் எழுதறாரு. போர்ச்சுகல்ல, டென்மார்க்குல இருப்பாங்க. தேடிப் பாத்துட்டு, நான் ஒத்தை ஆளுதான்னு தெரிஞ்சா என்னையும் தூக்கிப் போட்டுடு. செய்வியா, ஃபிரீஸ்லாந்துக்காரி?"

"நான் ஃபிரீஸ்லாந்துன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேரே சொல்லுதே. உங்க ஊர்க்காரங்க மண்டை கல்லுன்னு சொல்வாங்க. உன்னுது எப்படின்னு பாப்போம்."

குளிர்காலம் முழுவதும் ஹிஸ்கா அந்த வேலையில் மூழ்கினாள். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆளைப் பிடித்தாள். ஒருவர் 'இயந்திர மறுப்பு' என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 'ஆளில்லாத் தீர்ப்பு' என்று. வேறொருவர் 'செவி சாய்க்கப்படும் உரிமை' என்று எழுதியிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உதிரி. எது எதோடு சேரும் என்று அந்தந்த மொழிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். கடுகு வீங்கியது. வசந்தத்தில் அவள் மறுபடி படத்தை வரைந்தபோது, ஆரஞ்சு வட்டத்துக்குப் பக்கத்தில் அதற்குச் சரிசமமாக ஒரு சாம்பல் வட்டம் நின்றது.

ஃபுளோரிஸ் அந்தச் சாம்பல் வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது தகவல் இல்ல, வெறும் இரைச்சல்" என்றார்.

"எது இரைச்சல்?"

"அஞ்சு மொழியில அஞ்சு வார்த்தை. எல்லாம் ஒண்ணுதான்னு நீயா முடிவு பண்ணி ஒட்ட வெச்சிருக்கே. இது வரைபடம் இல்ல ஹிஸ்கா, உன்னோட ஆசை."

அதில் உண்மை இருந்தது. அன்று மாலை ஐசெல் ஆற்றங்கரையில், எதிர்க்காற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். நான் ஒட்ட வைத்தேன், சரி. ஆங்கிலத்தில் எழுதியது மட்டும்தான் அறிவு என்று வெட்டியது யார்? அதுவும் ஒருவர் எடுத்த முடிவுதானே? அந்த முடிவுக்கு ஏன் யாரும் காரணம் கேட்பதில்லை?

மறுநாள் காலை அவர் அறைக்கதவைத் தட்டினாள்.

"படத்தை வெளியிடற விழாவுல ரெண்டு படத்தையும் காட்டப் போறேன்."

"மாட்டே. முதல் படம் மட்டுந்தான்."

"அப்ப அதுலருந்து என் பேரை எடுத்துடுங்க."

ஃபுளோரிஸ் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இனிமையாகத்தான் இருந்தது. "உன் ஒப்பந்தம் இந்தக் கோடையோட முடியுது. ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. அதனாலதான் பின்னால போய்ப் பேசாம உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

"சரி, நீ பேச வேண்டாம். நானே பேசிக்கறேன்."

"பேசுங்க. கேள்வி நேரம்னு ஒண்ணு இருக்கே, அதுல நான் எந்திரிப்பேன்."

அவள் எழுந்திருப்பாள் என்று அவர் நம்பவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள் அப்படியெல்லாம் எழுந்ததில்லை.

விழா குன்றின் மேலிருந்த பழைய தேவாலயக் கூடத்தில் நடந்தது. ஆய்வு மன்றத்தின் தலைவி தோவெ, டென்மார்க்கிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஃபுளோரிஸ் அழகாகப் பேசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அந்தச் சோற்றையும் ருசியாகப் பரிமாறினார். கைதட்டல் ஓய்ந்தது. "கேள்விகள்?" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஹிஸ்கா எழுந்தாள். ஒலிவாங்கி கைக்கு வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"அந்தப் படத்தை வரைஞ்சது நான். அது பாதிதான்."

"ஹிஸ்கா, கேள்வி இருந்தா கேளு. சொற்பொழிவு வேண்டாம்."

"கேள்விதான். இதுல டச்சு எங்கே? டேனிஷ் எங்கே? ஃபின்னிஷ், போர்ச்சுகீஸ் எங்கே?"

முதல் வரிசையில் தோவெயின் தலை நிமிர்ந்தது. "டேனிஷ்ல எழுதினது இதுல இல்லையா?"

"தரமான களஞ்சியத்துல இருக்கறத மட்டுந்தான் எடுத்தோம்" என்றார் ஃபுளோரிஸ்.

"நான் எழுதின முதல் புத்தகமே டேனிஷ்லதான். அப்ப எனக்குத் தரம் இல்லையாக்கும்?"

கூடம் சிரித்தது. ஃபுளோரிஸும் சிரிக்க முயன்றார். "அப்படி இல்ல... மொழிக்கு மொழி வார்த்தை மாறும். அதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்தா, யாரு வேணும்னாலும் என்ன படம் வேணும்னாலும் வரையலாம்."

"அவர் சொல்றது நிஜம்" என்றாள் ஹிஸ்கா. ஒலிவாங்கி இப்போது அவள் கையில் இருந்தது. "நான் தேர்ந்தெடுத்துத்தான் சேர்த்தேன். எந்த வார்த்தைய எதோட ஏன் சேர்த்தேன்னு ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதி, ரெண்டாவது படத்தோட இன்னைக்குக் காலையில இணையத்துல போட்டுட்டேன். தப்பு இருந்தா திருத்துங்க, திட்டுங்க. அவரும் தேர்ந்தெடுத்துத்தான் வெட்டினாரு. எதை, ஏன் வெட்டினாருன்னு எங்கயும் எழுதல. அதுக்குக் காரணம் கேக்கறேன். உதவி கேட்டுப் போறவங்களைக் கணினி காரணம் சொல்லாமத் திருப்பி அனுப்புதுன்னு நாடு பூரா எழுதறாங்க. அந்த எழுத்தையே நாம காரணம் சொல்லாமத் திருப்பி அனுப்பினா எப்படி?"

வரிசை வரிசையாகக் கைப்பேசிகள் வெளியே வந்தன. ஃபுளோரிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு. வெளிய காபி ஆறிட்டிருக்கு."

"ஆறட்டும்" என்றார் தோவெ, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே. "அவங்க கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

அந்த நாட்டில் காபியை ஆறவிடச் சொன்ன கூட்டம் அனேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஃபுளோரிஸ் ஏதேதோ சொன்னார். ஹிஸ்கா நின்றுகொண்டே இருந்தாள்.

கோடையில் அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஆய்வு மன்றம் மனிதரிடம் முறையிடும் உரிமையைத் தன் பொருள்களில் சேர்த்துக்கொண்டது. ஆனால் கடைசி இடத்தில்தான். ஆரஞ்சு வட்டம் முதல் இடத்திலேயே இருந்தது, ஃபுளோரிஸும் அவர் நாற்காலியிலேயே இருந்தார். அலைடா தொலைபேசியில் கூப்பிட்டு, "என் பேர்ல ரெண்டு எழுத்தை மாத்திப் போட்டிருக்கே, கல்மண்டை. திருத்து" என்றார். பாராட்டு அவ்வளவுதான். ஆனால், நூலகத்தில் அவர் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருப்பதாகவும் சொன்னார். ஹிஸ்கா போனாள். பிழைப்புக்கு ஒரு பள்ளியில் பாதி நாள் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். மீதி நேரம் அந்த மேசையில் இருந்தாள்.

இலையுதிர் காலத்தில் ஃபுளோரிஸ் கூப்பிட்டார்.

"மன்றத்துல உன் படத்தைக் கேக்கறாங்க, ஹிஸ்கா. நீ திரும்பி வரலாம். இணையத்துல போட்டத மட்டும் எடுத்துடு. எங்க அறிக்கையில கடைசிப் பக்கத்துல பின்னிணைப்பா உன் படத்தைப் போட்டுடறோம்."

"பின்னிணைப்பா வேண்டாம்."

"யோசிச்சுப் பேசு. ஒரு நிறுவனத்தோட பேர் இல்லாத படத்தை யாரு மதிப்பாங்க?"

"வரைஞ்சவங்க பேரு இருக்கு. லிஸ்பன்ல ஒரு அம்மா நான் பண்ணின பெரிய தப்பு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. சாம்பல் வட்டம் கொஞ்சம் சுருங்கிடுச்சு. அவங்க பேரையும் போட்டுட்டேன்."

"சுருங்கிடுச்சா? அப்ப நான் சொன்னது சரிதானே!"

"கொஞ்சம் சரி. இதை உங்க பின்னிணைப்புல ஒளிச்சு வெச்சிருந்தா இந்தத் தப்பு எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சரி, வெக்கட்டுமா ஃபுளோரிஸ்? இங்க சண்டை நடக்குது."

சண்டை நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. கணினித் திரையின் ஒரு பாதியில் ஃபின்லாந்துக்காரரும் மறுபாதியில் லிஸ்பன் அம்மாளும், 'செவி சாய்த்தல்' என்ற சொல்லை எந்த வட்டத்தில் வைப்பதென்று விட்டுக்கொடுக்காமல் மோதிக்கொண்டிருந்தார்கள். ஹிஸ்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் மறுபடி முதல்லருந்து சொல்லுங்க" என்றாள்.