எதிர்வரிசை

மழை ஓயவில்லை. மடத்துக் கோவிலின் ஓட்டிடுக்கில் இறங்கி, ஆளில்லாத பலகைகள் மேல் சொட்டியது. நனைந்த தேக்கின் வாசம். சாம்பல் வெளிச்சம்.

இந்த மலைக்கு முதலில் வந்தவர்கள் வெள்ளைக்காரத் துறவிகள். காட்டைத் திருத்திக் காப்பி நட்டார்கள். கல் அறுத்துக் கோவில் எழுப்பினார்கள். காய்ச்சலில் பாதிப்பேர் போனார்கள்.

பிறகு நம்மவர்கள் வந்தார்கள். கடற்கரையிலிருந்து, கரிசலிலிருந்து, மீசை அரும்பிய முகங்களோடு.

அப்போது கோவிலுக்குள் எதிரெதிராகப் போட்ட இரண்டு வரிசையும் நிறைய ஆள். செபத்தில் இந்த வரிசை வேதத்துச் சங்கீதத்தின் ஒரு வசனம் பாடும். எதிர்வரிசை அடுத்ததைப் பாடும். அடிவாரம் வரைக்கும் கேட்கும்.

ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை.

இப்போது இந்த வரிசையில் சந்தியாகு. எதிர்வரிசையில் இருதயராஜ். அவ்வளவுதான்.

போன தவக்காலத்தில் இருதயராஜுக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது.

அன்றிலிருந்து சந்தியாகு தன் வசனத்தைப் பாடுவார். நிறுத்துவார். எதிர்வரிசை பாடி முடிக்கிற நேரம் காத்திருப்பார். பிறகு அடுத்தது.

கஞ்சி ஊட்ட வேண்டும். உடம்பு துடைக்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். கைத்தாங்கலாகக் கோவிலுக்குக் கூட்டிவர வேண்டும். தாங்குகிற கைக்கும் வயதாகிவிட்டது.

இன்று மதியம் துறவு சபைத் தலைவர் ஜீப்பில் வந்தார். திருச்சியில் முதியோர் இல்லத்தில் இருவருக்கும் இடம் உண்டு, டாக்டர் உண்டு, மடத்தைப் பூட்டிவிடலாம் என்றார். கட்டாயமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று மலையிறங்கிப் போனார்.

சந்தியாகுவின் மனம் உடனே சரி என்றது. வாய் சொல்லவில்லை. இத்தனை பேர் செத்துக் காத்த இடம். அந்த 'உடனே'தான் வெட்கமாக இருந்தது.

மாலைச் செபம். சங்கீதத்தின் நடுவில் குரல் எழவில்லை. இன்னொரு முறை முயன்றார். வெறும் காற்று வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே கேட்டார்.

"எனக்கு முடியல பிரதர். போயிருவமா?"

இருதயராஜ் வெகுநேரம் அவரையே பார்த்தார். பிறகு இடது கையால், மடியில் விரிந்து கிடந்த சங்கீதப் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

இந்தக் கோவிலில் செபம் பாதியில் நின்றது அதுதான் முதல் முறை. ஒன்றும் ஆகிவிடவில்லை.

சந்தியாகு எழுந்தார். நடுவழியைக் கடந்தார். வந்த நாள் முதல் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருதயராஜின் தலை அவர் தோளில் சாய்ந்தது. கனத்தது. மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.