இருபத்து நாலு நிமிடம் பின்னால்

பள்ளிக் கரஸ்பாண்டன்ட் வேதசிரோமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மைதானத்தில் நிழலால் மணி காட்டும் கருங்கல் பலகையைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தில் சரியாகப் பத்தரை. பலகையில் பத்து மணி ஆறு நிமிடம்.

"இதுக்குத்தான் மூணு மாசம் கிரவுண்டுல பாதியைத் தோண்டிப் போட்டீங்களா?" என்றார். "திங்கக்கிழமை ஆண்டு விழா. வர்ற விருந்தாளி முன்னாடி இது இருபத்து நாலு நிமிஷம் பின்னாடி நின்னா பள்ளிக்கூடத்துக்குத்தான் அசிங்கம். சரி பண்ணுங்க. முடியலைன்னா எடுத்துடுங்க."

இயற்பியல் ஆசிரியர் ஜெர்சன் தலையசைத்தான். அவனுக்கு இருபத்தேழு வயது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பக்கத்தில் நின்ற லேப் அசிஸ்டன்ட் ஞானஜோதியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டவன் ஜெர்சன் என்றாலும் கம்பியைக் கட்டியவள் அவள்தான். நாலடிச் சதுரக் கல்லுக்கு மேல் இரண்டு மெல்லிய ஸ்டீல் கம்பிகள். ஒன்று தெற்கு வடக்காக, ஒன்றரை அடி உயரத்தில். இன்னொன்று கிழக்கு மேற்காக, நாலே அங்குல உயரத்தில். கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றின் நிழல்கள் மட்டும் கல்லின் மேல் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுப்புள்ளி, விசிறிபோல் விரிந்த மணிக்கோடுகளைக் காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொன்றாகக் கடந்து போகும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் மணி. தூக்குக்குண்டு கட்டி, அளந்து, மறுபடி அளந்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் அவள் கம்பிகளை நிறுத்தியிருந்தாள். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்த கை அது.

கரஸ்பாண்டன்ட் போனதும் ஜெர்சன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, கல்லை மட்டும் ஆறு டிகிரி திருப்பிடலாமா? திங்கக்கிழமை கரெக்டா காட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

ஞானஜோதி சுடிதார் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாள். கல் பதித்த நாளிலிருந்து தினமும் அவள் குறித்து வந்த வித்தியாசம் அதில் இருந்தது. "கிறிஸ்மஸ் அன்னிக்கு ஒன்பதரை நிமிஷம் பின்னாடி. பொங்கலுக்குப் பத்தொன்பது. இன்னிக்கு இருபத்து நாலு. இது தப்பு இல்ல சார். தப்புன்னா இப்படி ஒழுங்கா நகராது."

அவனுக்கும் தெரியும். நாட்டுக்கெல்லாம் ஒரே மணி; இந்தத் தாம்பரத்துச் சூரியன் அந்த மணிக்குச் சராசரியாக ஒன்பதரை நிமிடம் பின்னால்தான் உச்சிக்கு வரும். அதற்கு மேல் பூமி சுற்றும் வேகம் மாறுவதால், அச்சின் சாய்வால், மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். நவம்பர் முதல் வாரத்தில் ஏழு நிமிடம் முன்னால்கூடப் போய்விடும். "இதையெல்லாம் அவர்கிட்ட எப்படிக்கா சொல்றது?" என்றான்.

அவளுக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. கம்பெனியில் ஒரு வியாழக்கிழமை, காரில் பொருத்தும் நானூறு பின்கள், நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் தடிமன் கூடி வந்திருந்தன. "எல்லாம் ஃபிட் ஆயிடும், கையெழுத்தைப் போடும்மா" என்றார் சூப்பர்வைசர். போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை, எதுவும் திரும்பி வரவில்லை. அந்த நானூறும் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நினைப்பாள். அவள் அளந்ததை அளக்கக் கேமரா வந்து, அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அந்த நினைப்பு மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை வேதசிரோமணி வந்தபோது வித்தியாசம் அப்படியே இருந்தது. அவர் ஜெர்சனைப் பார்த்தார். ஜெர்சன் தரையைப் பார்த்தான்.

"சார் திருப்பலாம்னுதான் சொன்னாரு ஐயா. நான்தான் முடியாதுன்னுட்டேன்" என்றாள் ஞானஜோதி.

"நீங்க யாரும்மா முடியாதுன்னு சொல்ல?"

"கம்பி கட்டினவ. இன்னிக்குத் திருப்பினா கிறிஸ்மஸுக்குப் பதினாலு நிமிஷம் முன்னாடி ஓடிடும். அப்போ மறுபடி திருப்பணும். அப்புறம் அது கடிகாரம் இல்லைங்க ஐயா, நம்ம சொல்றதைச் சொல்ற கல்லு." நோட்டை நீட்டினாள். "நவம்பர் மூணாந்தேதி ஏழு நிமிஷம் முன்னாடி போகும். அன்னிக்குப் போகலைன்னா நானே உடைச்சிடறேன்."

அவர் நோட்டை வாங்கவில்லை. "தார்ப்பாய் போட்டு மூடுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனார். மறுவாரம் ஞானஜோதியை லேபிலிருந்து எல்.கே.ஜி. பிளாக்குக்கு மாற்றினார்கள். குழந்தைகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும், வேனில் ஏற்ற வேண்டும். செய்தாள். மதியம் சாப்பாட்டு மணியடித்ததும் டிபன் டப்பாவோடு மைதானத்துக்குப் போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்ப்பாள். குறிப்பாள். மறுபடி மூடுவாள். மே மாத விடுமுறையிலும் சேலையூரிலிருந்து நடந்தே வந்தாள். முதலில் ஒளிந்து பார்த்த ஜெர்சன், ஜூலையிலிருந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அவன் கத்தியே விட்டான். "அக்கா, வித்தியாசமே இல்ல! செகண்டு சுத்தமா பொருந்துது!"

குனிந்து பார்த்தாள். பன்னிரண்டரைக்கான கோட்டின் மேல் நிழல்கள் வெட்டிக்கொண்டிருந்தன. அவன் செல்போனிலும் பன்னிரண்டரை.

"இப்பவே ஐயாவைக் கூட்டிட்டு வரேன். சரியாயிடுச்சுன்னு காட்டினா போதும். உங்களை லேபுக்கு மாத்திடுவாரு, எனக்கும் பெர்மனென்ட் ஆர்டர் வந்துடும்."

அவளுக்கும் ஆசையாக இருந்தது. எல்.கே.ஜி. பிளாக்கின் பினாயில் வாடை அவள் கைகளை விட்டுப் போவதே இல்லை. நோட்டை எடுத்துப் பூஜ்யம் என்று குறித்தாள்.

"சரியாயிடுச்சுன்னு சொன்னா, முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு ஆயிடும் சார். இன்னிக்குக் காட்டினா அது பொய்தான். நவம்பர்னு சொன்னேன், நவம்பர்லயே காட்டுவோம்."

ஜெர்சன் தார்ப்பாயை இழுத்து மூடினான். அடுத்த நாள் அவனே கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போய், நவம்பர் மூன்றாம் தேதி பதினொன்றரை மணிக்கு வரச்சொல்லி, எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்துவிட்டு வந்தான்.

தீபாவளிக்குப் பிடித்த மழை நவம்பர் பிறந்தும் விடவில்லை. மூன்றாம் தேதி காலையிலும் மைதானமெல்லாம் தண்ணீர். வேதசிரோமணி வருவார் என்று இருவருமே நம்பவில்லை. பதினொன்றே காலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டு வந்தார். வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். ஞானஜோதி தார்ப்பாயை அகற்றி, கல்லைப் பழைய துணியால் துடைத்தாள். வானம் சாம்பலாகக் கிடந்தது. பதினொன்று இருபத்தைந்து. இருபத்தெட்டு. எங்கோ மேகத்துக்குள் விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது.

"வெயிலே இல்லையேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

"நிக்கலாம் ஐயா. நாளைக்கும் ஏழு நிமிஷம்தான்."

அவர் குடையை மடக்கினார். தூறல் நின்றிருந்தது. தெற்குப் பக்கம் மேகம் மெலிந்து வெளுத்தது. முதலில் கீழ்க்கம்பியின் நிழல் மட்டும் ஈரக் கல்லில் மங்கலாக விழுந்தது. பிறகு மேலே இருந்த கம்பியின் நிழல், அதில் வரிசையாகத் தொங்கிய மழைத்துளிகளின் நிழல்களோடு சேர்ந்து மெல்லத் தெளிந்து வந்தது. வேதசிரோமணி கடிகாரம் கட்டிய கையை முன்னால் நீட்டிக்கொண்டு கல்லின் மேல் குனிந்தார்.