எட்டால் வகுக்காத நூறு

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எனக்கு ‘எட்டு’ என்று பட்டப்பெயர். நான் தேடிக்கொண்டதுதான். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று எவன் வந்து நின்றாலும், “யோவ், லைன் வேகம் பிட் கணக்கு, நீ காப்பி பண்றது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். எட்டால வகுத்துப் பாத்துட்டு அப்புறம் வந்து கத்து” என்று விரட்டிவிடுவேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அக்கா புருஷன் அங்கேயே பிரஸ் மிஷினில் வேலை பார்த்தார். முப்பது நாளுக்கு முன்பு அதில் சிக்கிச் செத்துப்போனார். பாதுகாப்பு மூடியை அவரே கழற்றினார் என்று நிர்வாகம் எழுதிக் கோப்பை மூடப் பார்த்தது. கழற்றச் சொன்னது சூப்பர்வைசர் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மிஞ்சியது கேமராப் பதிவு ஒன்றுதான்.

அந்த ரெக்கார்டர் முப்பது நாள்தான் வைத்திருக்கும். முப்பதாம் நாள் மாலை நான்கு மணிக்குத் தானாக அழித்துவிடும். மேனேஜர் இழுத்தடித்து இழுத்தடித்து, கடைசி நாள் மதியம்தான் அனுமதிக் கடிதம் கொடுத்தார். ‘நகல் மட்டும் எடுக்கலாம், வேறு எதையும் தொடக்கூடாது.’

பழைய ரெக்கார்டர், வேண்டிய இடத்தை மட்டும் வெட்டித் தராது. காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை மொத்தமாக ஒரே கோப்பு, நாற்பத்திரண்டாயிரம் மெகாபைட். லைன் வேகம் நூறு. மனதிலேயே வகுத்தேன், ஏழு நிமிடம். சரி, மேனேஜர் அறையில் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு அக்கா போன் பண்ணினாள். “எடுத்துட்டியாடா?”

“ஏழு நிமிஷ வேலைக்கா. ஏன் இப்படிப் பறக்கறே?”

“நாலு மணிக்கு அழிச்சிரும்னியேடா. சீக்கிரம் போயேன்.”

“நான் பாத்துக்கறேன், போன வை” என்றேன்.

மூன்றரைக்கு செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். திரையில் ‘மீதம் 56 நிமிடம்’ என்று வந்தது. சனியன் பிடித்த லைன் என்று திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. போன வருடம் ஆபீஸ் லைன்களை எல்லாம் ஆயிரத்துக்கு மாற்றியவன் நான். அதில் காப்பி பண்ணும்போது எட்டால் வகுத்து, கழிவும் போகத் தினமும் கண்ணில் படுவது நொடிக்கு நூறு மெகாபைட், அது பைட் கணக்கு. செக்யூரிட்டி அறைக்கு எதற்கு வேகம் என்று அதை மட்டும் பழைய நூறிலேயே விட்டிருந்தேன். அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மடையன் நான்.

மேனேஜருக்கு ஆறு முறை போன் பண்ணினேன். எடுக்கவே இல்லை. ரெக்கார்டரின் பிளக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிடுங்கினால் இன்று எதுவும் அழியாது. கையை நீட்டினேன்.

“லெட்டர்ல நகல் மட்டும்னுதான் போட்டிருக்கு,” என்றார் செக்யூரிட்டி அதிகாரி. “அதுல கைய வெச்சா நான் எழுதி அனுப்பிருவேன். வேலை போயிரும், பாத்துக்க.”

கையை எடுத்துக்கொண்டேன். நான்கு மணிக்குக் காப்பி நின்றது.

சாயங்காலம் அக்கா வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, அதுவரை வந்திருந்ததைக் காட்டினேன். வேகமாக ஓட்டுகிறேன் என்றேன், விடமாட்டேன் என்றாள். மாமா வந்தார், சட்டையை மடித்துவிட்டார், யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். மூடி அதன் இடத்திலேயே இருந்தது. நான்கு மணி நேரம் அசையாமல் பார்த்தாள். பன்னிரண்டு பதினேழில் படம் நின்றது. அவர் செத்தது பன்னிரண்டு இருபத்தைந்துக்கு. இன்னும் ஒரு நிமிடம் முன்னால் அழுத்தியிருந்தால் வந்திருக்கும்.

“மிச்சம்?”

“அழிஞ்சிருச்சுக்கா. கணக்குல தப்புப் பண்ணிட்டேன்.”

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் கேட்டாள்: “அப்பவே கரண்ட்டப் பிடுங்கியிருந்தா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “அழிஞ்சிருக்காது. என் வேலை போயிருக்கும்.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். லேப்டாப்பை மூடி என் மடியில் வைத்தாள்.

“நேரமாச்சு, கெளம்பு,” என்றாள். “காலைல வேலைக்குப் போகணுமில்ல.”