தலையணை மேல் போன பெட்டி

காலையில் மடிக்கணினியில் டீயைக் கொட்டியது நான்தான், மறைக்கப் போவதில்லை. நான்கு வருடமாக நான் எழுதிய ஆய்வேடு அதற்குள் இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். வேறு பிரதி கிடையாது.

அண்ணன் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். கரண்டில் ஓடுவது எதுவானாலும் தனக்கு அத்துப்படி என்பது அவன் கட்சி. "அப்படியே கடைக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் கணினியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டான். இருந்ததிலேயே பெரிய வெள்ளிநிறப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"நீ எழுதினதெல்லாம் இருக்கிற டிஸ்க் இதுதான். ஆடக் கூடாது. காந்தம் பக்கத்துல வரக் கூடாது. நம்ம உடம்புல இருக்கிற கரண்டு இதுல ஏறக் கூடாது."

அந்தக் கரண்டை இறக்க இரும்பைத் தொட வேண்டுமாம். வாசல் கேட்டைத் தொட்டான், விளக்குக் கம்பத்தைத் தொட்டான், யாரோ ஒருவருடைய சைக்கிளையும் தொட்டான். அவர் முறைத்தார். டாக்ஸியில் பெட்டி தலையணை மேல், தலையணை அண்ணன் மடி மேல். கைப்பைக் கொக்கியில் காந்தம் இருக்கிறது என்று என் பையை டிக்கிக்குத் துரத்தினான்.

"மெதுவாப் போங்க" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றார் டிரைவர்.

"அந்த மாதிரிதான்."

நடந்து போனவர்களெல்லாம் எங்களை முந்தினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பழுது பார்க்கும் கடைக்காரப் பெண் பெட்டியின் ஓட்டையில் ஒரு ஊசியை விட்டாள். உள்ளிருந்து ஒரு தட்டு நாக்கை நீட்டியது.

"இது சிடி போடுற பெட்டி. டிஸ்க் எங்க? விரல் நீளத்துக்குப் பச்சையா ஒரு பட்டை இருந்திருக்குமே."

அண்ணன் பேயறைந்தவன் மாதிரி எழுந்தான். பின் பாக்கெட்டுக்குள் கையை விட்டான். நாலு திருகாணி வந்தது. பிறகு அந்தப் பட்டை வந்தது.

"ஏதோ உபரிச் சாமான்னு நெனச்சேன்."

"இது மேல உக்காந்தா வந்தீங்க?"

"மெதுவாத்தான் உக்காந்தேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா என்று கேட்பார்கள். இவன் அதன் மேல் உட்கார்ந்தே வந்திருக்கிறான். கொன்றுவிடலாம் என்றிருந்தது.

அவள் பட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்துத் துடைத்து, தன் கணினியில் மாட்டினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். திரையில் என் ஆய்வேட்டின் முதல் பக்கம் வந்தது, என் பெயரோடு. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"இந்த ஃபைலுக்கு இன்னொரு காப்பி போடட்டுமா?" என்றாள்.

"மூணு போடுங்க. எங்க அண்ணன் உக்கார முடியாத எடமாப் பாத்து வெச்சுக்கறேன்."

அண்ணன் அதற்குள் சிடி பெட்டியைத் திரும்பத் தலையணையில் வைத்துக்கொண்டிருந்தான். முதலில் கடைக் கதவின் இரும்புப் பிடியைத் தொட்டுவிட்டுத்தான்.