குறிப்பேட்டில் ஒரு மஞ்சள் வரி

பாஸ்தோ நகரத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்புதான் கடைசி வகுப்பு. நிடியா புர்பானோ டீச்சரின் அந்த வகுப்புக்கு வண்ணப் பேனா இல்லாமல் யாரும் போக முடியாது. சொல்ல வந்த கருத்துக்குப் பச்சை, அதற்கான ஆதாரத்துக்கு மஞ்சள், அந்த ஆதாரம் கருத்தை எப்படி நிரூபிக்கிறது என்ற விளக்கத்துக்கு ரோஜா நிறம். கட்டுரை எழுதியவரே தன் வரிகளுக்குக் கோடு போட வேண்டும். "பக்கம் பூரா பச்சையா இருந்தா அது கட்டுரை இல்ல, வம்பு! அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று விளாசுவார். பிள்ளைகள் முனகினாலும் எழுதக் கற்றுக்கொண்டார்கள், அதை மறுக்க முடியாது.

மிக நன்றாகக் கற்றுக்கொண்டவள் தெய்சி குவாஸ்துமால். அதுவே வினையாகிவிட்டது. அக்டோபரில் அவள் தந்த கட்டுரை அத்தனை நேர்த்தி. டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கிருந்தோ சுட்டிருக்கிறாள் என்று, மாணவர்கள் செய்யும் தவறுகளைப் பதிந்துவைக்கும் பள்ளிக் குறிப்பேட்டில் அரைப்பக்கம் எழுதித் தள்ளிவிட்டார். தெய்சிக்கு இது மூன்றாவது குறிப்பு. முதல் இரண்டும் தாமதமாக வந்ததற்கு. மூன்று சேர்ந்தால் பட்டமளிப்பு மேடை கிடையாது. அலுவலக ஜன்னலில் கையை நீட்டிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

விதிப்படி மாணவி தன் பதிலை அந்தப் பக்கத்திலேயே தரலாம். பிறகு பெற்றவர் வந்து ஒப்பமிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தெய்சியின் அம்மா ரூபியேலா, உருளைக்கிழங்கு மண் ஒட்டிய கையோடு சந்தையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தார்.

"பதில் எழுதிட்டியா?" என்றார் டீச்சர்.

"எழுதல டீச்சர். கோடு போட்டிருக்கேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே."

ஏட்டைத் திறந்ததும் டீச்சரின் முகம் சுண்டிப் போனது. 'இது இவள் நடை இல்லை', 'யாரோ எழுதித் தந்திருக்க வேண்டும்', 'இந்த வயதில் இப்படி வராது'. தன் கையெழுத்தில் இருந்த வரிகள் எல்லாம் பச்சை. கீழே ஒரே ஒரு வரி மட்டும் மஞ்சள். ரோஜா நிறம் மருந்துக்கும் இல்லை. ஐயோ, இருபது வருஷமாய் ஊருக்கெல்லாம் சொன்னதை நாமே செய்யவில்லையே என்று காது வரை சுட்டது. ஏட்டை மூடிவிடலாமா என்று கை தவித்தது.

ரூபியேலா எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, எவ்வளவு பச்சை! நல்லதா டீச்சர்?"

"இல்லம்மா. அதெல்லாம் நானா நெனச்சுக்கிட்டது."

"அப்ப இந்த மஞ்சள்?"

"அது... உண்மைன்னு அர்த்தம்."

"ஒண்ணாவது தேறுச்சே! என்ன எழுதியிருக்கு? படிங்களேன்."

"வேணாம்மா, வா போலாம்," என்று தெய்சி அம்மாவின் கையை இழுத்தாள்.

ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்க டீச்சர் வாயெடுத்தார். தெய்சி பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை.

"'இவளுடைய தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது.'"

ரூபியேலா கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நெசந்தானே டீச்சர். ஆனா எனக்குத் தெரியாததுக்கும் எம்பொண்ணு எழுதுனதுக்கும் என்ன சம்பந்தம்? அதை எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கும் எழுதவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, டீச்சர் பேனாவை எடுத்தார். 'ஆதாரமின்றிக் குற்றம் சாட்டினேன். இந்தக் குறிப்பு செல்லாது' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெய்சிக்கு மேடை திரும்பக் கிடைத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கத் தலை நிமிர்ந்தார். அதற்குள் ரூபியேலா, புதிதாக என்ன எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், அதன் கீழே தன் கட்டைவிரலை அழுத்திப் பதித்துக்கொண்டிருந்தார்.